மண் மந்திரவாதிக்கு முதல்ல ஒரு பாட்டில் மண்ணுங்க

மாயாஜாலக் கதை எழுதறீங்களா? மந்திரவாதி கையைத் தூக்குனதும் பூமி பிளக்கறதுக்கு முன்னாடி, அவன் நிக்கறது எந்த மண்ணுன்னு முடிவு பண்ணிருங்க. மந்திரத்தோட எல்லை தானா கிடைச்சுரும்.

உடுமலைப் பக்கத்துக் கரிசலை எடுத்துக்கங்க. தண்ணி குடிச்சா உப்பும், காய்ஞ்சா சுருங்கிப் பாளம் பாளமா வெடிக்கும். சித்திரையில விரலே உள்ள போற அளவுக்கு வெடிப்பு. அங்க பிளக்கற மந்திரம் கோடையில சுலபம். ஐப்பசியில அதே ஆளு செருப்புல ரெண்டு கிலோ சேறோட நடக்கவே திண்டாடணும். காங்கயத்துச் செம்மண்ணு வேற ரகம். அந்தச் சிவப்பு இரும்போட துரு, அதனால அங்க இரும்பை அழைக்கற வித்தை பொருந்தும். நொய்யல் கரைக் கொடுமணல்ல 2000 வருசத்துக்கு முந்தியே இரும்பு உருக்கியிருக்காங்க, கல்மணியும் கடைஞ்சிருக்காங்க. இதைவிட நல்ல மந்திரவாதி ஊரு எங்க கிடைக்கும்?

வேலை இதுதான்: கண்ணாடி பாட்டில்ல பாதிக்கு மண்ணு, மீதி தண்ணி, நல்லாக் குலுக்கி வைங்க. மணல் ஓரிரு நிமிசத்துல அடியில உக்காரும். வண்டல் சில மணி நேரம். களி ஒரு நாளானாலும் கலங்கியே கிடக்கும். உங்க ஆளு மணலைச் சட்டுனு அடக்கி உக்கார வைக்கலாம், களியை அடக்கப் பொறுமை வேணும். நான் மூணு பாட்டிலை ஜன்னல்ல வெச்சிருந்தேன், அம்மா ஒன்னைக் கழுவி ஊறுகா போட்டுட்டாங்க.