வீட்டு ஆணி டப்பாவைக் கொட்டிப் பார்ப்போம்: ஸ்க்ரூ, போல்ட், ஸ்பேனர் அடையாளம் காணும் முறை

முதன்முறையாக ஹார்டுவேர்ஸ் கடைக்குத் தனியாகப் போனபோது "ஒரு ஸ்க்ரூ வேணும் அண்ணே" என்று கேட்டேன். கடைக்காரர் பொறுமையாகத்தான் கேட்டார்: "எதுக்கும்மா? மரத்துக்கா, செவுத்துக்கா, தகரத்துக்கா? தலை எப்படி இருக்கணும்? எத்தனை இன்ச்?" எனக்கு ஒன்றுக்கும் பதில் தெரியவில்லை. பின்னால் நின்ற ஒருவர் "தெரிஞ்சவங்கள அனுப்பி விடுங்கம்மா" என்றார். வெறுங்கையோடு வீட்டுக்கு வந்துவிட்டேன்.

பல வருடம் கழித்துத்தான் புரிந்தது, அந்தக் கடைக்காரர் கேட்ட மூன்று கேள்விகளுக்குள்ளேயே முழுப் பாடமும் இருந்தது என்று. எதற்குள் போகிறது, தலை எப்படி, அளவு என்ன. இதைச் சொல்லத் தெரிந்தால் போதும். எந்தக் கடையிலும் தயங்காமல் நிற்கலாம், வீட்டில் எந்தத் திருப்புளியை எடுப்பது என்றும் கை தானாகச் சொல்லும். பெயர்களை மனப்பாடம் செய்யத் தேவையில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை இரண்டு மணி நேரம் ஒதுக்குங்கள்.

படி 1: கொட்டுங்கள்

பழைய ஹார்லிக்ஸ் பாட்டிலோ பிஸ்கட் டின்னோ, ஆணியும் ஸ்க்ரூவும் கலந்து கிடக்கிற ஒன்று எல்லார் வீட்டிலும் இருக்கும். செய்தித்தாளை விரித்து அதை அப்படியே கொட்டுங்கள். கூடவே ஒரு ஸ்கேல், ஒரு காந்தம், ஒரு பழைய துணி, வீட்டில் இருக்கிற கருவிகள் எல்லாவற்றையும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். சின்னக் குழந்தைகள் இருந்தால் அவர்கள் தூங்குகிற நேரமாகப் பாருங்கள்.

படி 2: நுனியைப் பாருங்கள்

எல்லாவற்றையும் இரண்டே குவியலாகப் பிரிக்க வேண்டும். நுனி கூராக இருப்பது ஒரு பக்கம், நுனி மொட்டையாக இருப்பது இன்னொரு பக்கம்.

கூர் நுனி உள்ளது தன் வழியைத் தானே போட்டுக்கொண்டு போகும். மொட்டை நுனி உள்ளது பெரும்பாலும் போல்ட், அதற்கு ஒரு ஜோடி வேண்டும்: நட்டு, அல்லது ஏற்கெனவே மரை வெட்டிய துளை. "மரை கழண்டவன்" என்று திட்டுகிறோமே, அந்த மரைதான். உடம்பைச் சுற்றி ஓடுகிற வரி.

இப்போது கூர் நுனிக் குவியலை மட்டும் கிட்டத்தில் பாருங்கள். உடம்பு வழவழவென்று மரையே இல்லாமல் இருந்தால் ஆணி. மரை இருந்தால் ஸ்க்ரூ. அதிலும் தலைக்குக் கீழே கொஞ்ச தூரம் மரை இல்லாமல் விட்டிருந்தால் பெரும்பாலும் மரத்துக்கானது. இரண்டு பலகையைச் சேர்க்கும்போது மேல் பலகை அந்த வழவழப்பான இடத்தில் நின்று, கீழ்ப் பலகையோடு இறுகிக்கொள்ளும். மரை தலைவரைக்கும் போயிருந்தால், தகரத்துக்கும் பிளாஸ்டிக்குக்கும் போடுகிற, தானே மரை வெட்டிக்கொள்ளும் செல்ஃப் டாப்பிங் ஸ்க்ரூவாக இருக்கலாம். கறுப்பாக, ஒல்லியாக, தலை எக்காளம் மாதிரி வளைந்து விரிந்திருந்தால் அது ஜிப்சம் பலகைக்குப் போடுகிற ஜிப்சம் ஸ்க்ரூ. விலை குறைவு என்பதால் எல்லா வேலைக்கும் இதையே போடுகிறார்கள். ஆனால் கடினமான எஃகு என்பதால் அது வளைந்து கொடுக்காமல் பட்டென்று ஒடியும். கனமான அலமாரியை அதில் தொங்கவிடாதீர்கள்.

சுவருக்கென்று தனி ஸ்க்ரூ தேட வேண்டாம். சிமென்ட்டில் ஸ்க்ரூ நேராகப் பிடிக்காது, அதனால் துளை போட்டு பிளாஸ்டிக் பிளக்கைச் செருகி, அதற்குள் திருகுகிறோம். பிளக் 6 மி.மீ. என்றால் ட்ரில் பிட்டும் 6 மி.மீ. துளை பெரிதாகிவிட்டால் பிளக் ஸ்க்ரூவோடு சேர்ந்து சுற்றும்.

படி 3: தலையைப் பாருங்கள்

தலைதான் கருவியைத் தீர்மானிக்கிறது. ஒரே ஒரு கோடு வெட்டியிருந்தால் தட்டைத் திருப்புளி. கூட்டல் குறி இருந்தால் ஸ்டார். ஆறு பக்கம் வைத்த வெளித்தலை என்றால் ஸ்பேனர். தலைக்கு நடுவே ஆறு பக்கக் குழி இருந்தால் ஆலன் கீ, அதாவது எல் மாதிரி வளைந்த அந்தக் கம்பி.

ஸ்டார் தலையில்தான் புதியவர்கள் அதிகம் மாட்டிக்கொள்கிறார்கள். எல்லா ஸ்டாரும் ஒன்றல்ல. திருப்புளியின் தண்டில் பிஎச் 0, பிஎச் 1, பிஎச் 2, பிஎச் 3 என்று போட்டிருக்கும். பிஎச் என்பது பிலிப்ஸ், அமெரிக்காவில் 1936இல் இந்த வடிவத்துக்குக் காப்புரிமை வாங்கிய ஹென்றி பிலிப்ஸின் பெயர். வீட்டில் அதிகம் வேண்டியது பிஎச் 2. பொருந்துகிறதா என்று பார்க்க ஒரு நல்ல வழி: ஸ்க்ரூவை மேசைமேல் தலைகீழாக வைக்காமல், திருப்புளி நுனியில் குத்தி, திருப்புளியைப் படுக்கையாகப் பிடியுங்கள். ஸ்க்ரூ விழாமல் நின்றால் சரியான அளவு. தொளதொளவென்று ஆடினால் வேறு எடுங்கள்.

திருகும்போது திருப்புளி "டர்ர்" என்று வழுக்கி மேலே ஏறுகிறதா? உடனே நிறுத்துங்கள். ஒவ்வொரு வழுக்கலும் அந்தக் கூட்டல் குறியின் ஓரத்தைக் கொஞ்சம் கொஞ்சமாகச் சீவி எடுக்கிறது. நாலு தடவை வழுக்கினால் குழி வட்டமாகிவிடும், அப்புறம் எந்தத் திருப்புளியும் பிடிக்காது. கையின் பலத்தில் முக்கால் பங்கை அழுத்துவதற்கும் கால் பங்கைத் திருகுவதற்கும் கொடுத்துப் பாருங்கள், வித்தியாசம் தெரியும்.

தலையின் அடிப்பக்கத்தையும் தடவிப் பாருங்கள். அடி தட்டையாக இருந்தால் தலை வெளியே தூக்கி நிற்கும். புனல் மாதிரி சரிந்திருந்தால் பலகைக்குள் புதைந்து மட்டமாக உட்காரும், கதவுக் கீலில் இருப்பது இதுதான். கடையில் இதைச் சி.எஸ்.கே. ஸ்க்ரூ என்பார்கள். கிரிக்கெட்டுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை, கவுன்டர்சங்க் என்பதன் சுருக்கம்.

படி 4: அளவெடுங்கள்

முதலில் நீளம். தலை வெளியே நிற்கிற வகை என்றால் தலைக்குக் கீழிருந்து அளக்க வேண்டும். புதைகிற சி.எஸ்.கே. என்றால் தலையையும் சேர்த்து அளக்க வேண்டும். எவ்வளவு தூரம் உள்ளே போகிறதோ அதுதான் நீளம் என்று வைத்துக்கொண்டால் குழப்பம் வராது.

அடுத்து பருமன். மர ஸ்க்ரூவுக்கு நம்பர் சொல்வார்கள். 6ஆம் நம்பர் சுமார் 3.5 மி.மீ., 8ஆம் நம்பர் 4.2 மி.மீ., 10ஆம் நம்பர் 4.8 மி.மீ. நம்பர் கூடினால் பருமன் கூடும். ஆணியில் அப்படியே தலைகீழ். அங்கே கேஜ் கூடக் கூட ஆணி ஒல்லியாகும்: 10 கேஜ் ஆணி 3.25 மி.மீ., 14 கேஜ் 2 மி.மீ.தான். இந்த இரண்டையும் குழப்பிக்கொண்டு தடித்த ஆணியை அடித்துப் பலகையைப் பிளந்தவர்கள் நிறைய.

போல்ட் விஷயத்தில் நம் ஊரில் இரண்டு கணக்கு ஓடுகிறது. ஒன்று மி.மீ. கணக்கு: எம் 6, எம் 8, எம் 10 என்று. இன்னொன்று நூல் கணக்கு. ஒரு இன்ச்சுக்கு 8 நூல். ஆகவே கால் இன்ச் என்பது இரண்டு நூல், அரை இன்ச் என்பது நாலு நூல். பெரியவர்கள் "ரெண்டரை நூல் போல்ட்டு" என்று கேட்டால் 5/16 இன்ச்சைச் சொல்கிறார்கள்.

இந்த ரெண்டரை நூலில்தான் நான் ஒரு நல்ல போல்ட்டைக் கெடுத்தேன். வீட்டில் ஒரு பழைய இரும்புக் கட்டில். நட்டு ஒன்று காணாமல் போய் கால் ஆடிக்கொண்டிருந்தது. போல்ட்டை ஸ்கேலில் வைத்துப் பார்த்தேன், 8 மி.மீ. எம் 8 நட்டு வாங்கி வந்தேன். விரலால் இரண்டு சுற்று சுலபமாகப் போனது. மூன்றாவது சுற்றில் நின்றது. துரு என்று நினைத்து ஸ்பேனர் போட்டு இழுத்தேன். உள்ளே ஏதோ நொறுங்குகிற மாதிரி இருந்தது, கழற்றிப் பார்த்தால் மரை முழுக்கச் சுருள் சுருளாக வந்துவிட்டது. காரணம் இதுதான்: 5/16 இன்ச் என்பது 7.94 மி.மீ. ஸ்கேலில் எட்டுக்கும் அதற்கும் வித்தியாசமே தெரியாது. ஆனால் அந்தப் பழைய மரையில் இன்ச்சுக்கு 18 வரி, ஒரு வரிக்கும் அடுத்ததற்கும் 1.41 மி.மீ. இடைவெளி. எம் 8இல் வழக்கமாக அது 1.25 மி.மீ. முதல் இரண்டு சுற்று பொறுத்துக்கொள்ளும், அதற்குமேல் ஒன்றையொன்று அறுக்கும். 1841இல் இங்கிலாந்தில் ஜோசஃப் விட்வொர்த் முன்வைத்தது அந்தப் பழைய இன்ச் மரை முறை. பிரிட்டிஷ் காலத்தில் இங்கே வந்து, பழைய கேட்டிலும் கட்டிலிலும் இன்னும் இருக்கிறது.

அதனால் ஒரு சோதனையைக் கட்டாயம் பழகுங்கள். சந்தேகப்படுகிற போல்ட்டையும் அளவு தெரிந்த போல்ட்டையும் பக்கத்தில் பக்கத்தில் ஒட்டி, மரையோடு மரை பொருந்தும்படி வைத்து, ஜன்னல் வெளிச்சத்துக்கு நேராகத் தூக்கிப் பிடியுங்கள். பல்லோடு பல் கோத்து வெளிச்சம் எங்கேயும் கசியாவிட்டால் இரண்டும் ஒரே மரை. ஒரு முனையில் கோத்து, போகப் போக விலகி, நடுவில் கீற்றுக் கீற்றாக வெளிச்சம் தெரிந்தால் வேறு மரை. நட்டு போடும்போதும் இதே ஜாக்கிரதை வேண்டும். நல்ல ஜோடி கடைசிவரை விரலாலேயே ஓடும்.

தண்ணீர்க் குழாய்க்கு இன்னொரு கணக்கு. அரை இன்ச் குழாயின் மரையை அளந்தால் வெளிப்பக்கம் கிட்டத்தட்ட 21 மி.மீ. வரும். தப்பாக அளந்துவிட்டோமோ என்று பயப்பட வேண்டாம், அது உள்துளையை வைத்து வந்த பழைய பெயர்.

படி 5: கருவியைப் பொருத்துங்கள்

ஸ்பேனர்மேல் எழுதியிருக்கும் எண் தலையின் அகலம். போல்ட்டின் பருமன் அல்ல. எம் 6 போல்ட்டுக்கு 10 ஸ்பேனர், எம் 8க்கு 13, எம் 10க்குப் பெரும்பாலும் 17. பல பைக்குகளில் எம் 8 போல்ட்டுக்கே தலை சிறிதாக இருக்கும், 12 போட வேண்டும். 13 தலைக்கு 14ஐ மாட்டினாலும் உட்காரும். கொஞ்சம் ஆடும், அவ்வளவுதான் என்று தோன்றும். இழுத்தால் ஆறு மூலையும் மழுங்கிப்போகும். இறுகிப்போன போல்ட்டுக்கு வாய் திறந்த பக்கத்தை வைக்காமல், வளையமாக இருக்கிற ரிங் ஸ்பேனரைப் போடுங்கள். அது எல்லாப் பக்கமும் பிடிக்கும்.

திருகி வாயைச் சிறிதாகவும் பெரிதாகவும் ஆக்குகிற அட்ஜஸ்டபிள் ஸ்பேனர் அவசரத்துக்கு உதவும். இழுக்கும்போது நகராத தாடை பாரத்தைத் தாங்கும்படி மாட்டுங்கள். பல் வைத்த பைப் ரென்ச் அதன் தம்பி மாதிரி தெரியும், ஆனால் அது உருண்டைக் குழாயைக் கடித்துப் பிடிப்பதற்கு. பளபளவென்ற புதுக் குழாயில் போட்டால் பல் தடம் அப்படியே பதிந்துவிடும்.

கட்டிங் பிளேயரை உற்றுப் பாருங்கள், அதில் மூன்று கருவி இருக்கிறது. முன்பக்கத் தட்டை வாய் பிடிக்க, நடுவில் வளைந்த பல் உருண்டையானதைப் பிடிக்க, மூட்டுக்குப் பக்கத்தில் கம்பி வெட்ட. நட்டு கழற்ற மட்டும் அதை எடுக்காதீர்கள். நம் வீடுகளில் மழுங்கிய நட்டுகளில் பாதி இதனால் ஆனவை என்பது என் எண்ணம். டெஸ்டரும் அப்படித்தான், கரண்ட் பார்க்க மட்டும். அதை வைத்து இறுக்கமான ஸ்க்ரூவைத் திருகினால் உள்ளே இருக்கும் சின்ன விளக்கும் ரெசிஸ்டரும் கெட்டுப்போகலாம். பிறகு கரண்ட் இருந்தும் இல்லை என்று காட்டும்.

சுத்தியல், அரம், ஆக்ஸா பிளேடு பார்த்தாலே தெரியும். ஆக்ஸா பிளேடை மாட்டும்போது பல் முன்பக்கம் பார்த்திருக்க வேண்டும், தள்ளும்போதுதான் அது வெட்டுகிறது.

படி 6: எந்தப் பக்கம் திருகுவது?

வலம் சுற்றினால் இறுகும், இடம் சுற்றினால் கழலும். இதற்கு வீட்டிலேயே விதிவிலக்குகள் உண்டு. சைக்கிளின் இடது பெடல் ஒன்று. டேபிள் ஃபேனில் இறக்கையைப் பிடித்திருக்கும் பிளாஸ்டிக் மூடி இன்னொன்று, பெரும்பாலும் வலம் சுற்றினால்தான் கழலும். கழலவில்லை என்று பலம் போடுவதற்கு முன்னால் இதை ஒரு நொடி நினைத்துப் பாருங்கள்.

படி 7: மிச்சம் இருப்பவை

இவ்வளவும் பிரித்த பிறகு செய்தித்தாளில் கொஞ்சம் உதிரி கிடக்கும். தட்டை வளையம் வாஷர். ஓரிடத்தில் வெட்டி லேசாக முறுக்கியிருந்தால் ஸ்பிரிங் வாஷர், அதிர்வில் நட்டு கழலாமல் இருப்பதற்காகப் போடுவது. நட்டின் வாயில் நீலமாகவோ வெள்ளையாகவோ நைலான் வளையம் தெரிந்தால் நைலாக் நட்டு. அது விரலால் ஓடாது, அது அதன் குணம். காந்தத்தில் ஒட்டாதவற்றைத் தனியாக எடுத்து வையுங்கள். வெள்ளையாக இருந்தால் பெரும்பாலும் ஸ்டெயின்லெஸ், மஞ்சளாக இருந்தால் பித்தளை. பாத்ரூமுக்கும் மொட்டை மாடிக்கும் அவை உதவும்.

அந்த உதிரிகளுக்குள் கொண்டை ஊசி மாதிரி, ஒரு பக்கம் கண், மறுபக்கம் இரண்டு காலோடு ஒரு கம்பி இருக்கிறதா என்று பாருங்கள். அது கோட்டர் பின். சீலிங் ஃபேன் ராடைக் குறுக்கே தாங்குகிற போல்ட்டின் நுனித் துளையில் இதைப் போடுவார்கள். ஃபேன் சுற்றும் அதிர்வில் நட்டு கழன்றாலும் போல்ட் நழுவாமல் பிடிப்பது இந்த ஒரு ரூபாய்க் கம்பிதான். டப்பாவில் இது கிடைத்தால், எந்த ஃபேனை எப்போது கழற்றி மாட்டினார்கள் என்று வீட்டில் விசாரியுங்கள். மெயின் சுவிட்சை அணைத்துவிட்டு, உறுதியான ஏணியில் ஏறி, ராடின் மேல்முனையை மூடியிருக்கும் கிண்ணத்தை இறக்கிப் பாருங்கள். துளை காலியாக இருந்தால் பழையதை நேராக்கிப் போடாதீர்கள், மடங்கிய இடத்தில் அது ஒடியும். அதே பருமனில் புதியது வாங்கிச் செருகி, இரண்டு காலையும் எதிரெதிர்ப் பக்கமாக மடக்கி விடுங்கள்.