இரத்த உறைவும் அதற்கான பரிசோதனைகளும்: எங்கே தவறுகிறோம்?

அடிபட்ட இடத்தில் தோல் கன்றி நீலம் பாரித்தால் அதை ரத்தக்கட்டு என்கிறோம். காலின் ஆழத்தில் ஓடும் சிரைக்குள் இரத்தம் உறைந்து வழியை அடைத்துக்கொண்டாலும் அதற்கும் ஏறத்தாழ அதே பெயரைத்தான் வைத்திருக்கிறோம். முதலாவது, குழாய்க்கு வெளியே கசிந்த இரத்தம்; பெரும்பாலும் சில நாட்களில் தானே மறைந்துவிடும். இரண்டாவது, குழாய்க்குள்ளேயே உருவாகி, அதிலிருந்து ஒரு துண்டு பிரிந்து, இதயத்தின் வலப்பக்கம் வழியாகச் சென்று நுரையீரல் தமனியை அடைத்தால் சில மணி நேரத்தில், சில வேளைகளில் சில நிமிடங்களிலேயே உயிரைப் பறிக்கக்கூடியது. இரண்டையும் ஒரே சொல்லால் குறிப்பதால் நேரும் முதல் தவறு, வீங்கிய காலை ரத்தக்கட்டு என்று எண்ணித் தேய்த்துவிடுவது. ஆழ்சிரையில் உறைவு இருக்கக்கூடும் என்ற ஐயம் எழுந்த காலை அழுத்திப் பிசையக் கூடாது. உறைவின் ஒரு பகுதி பெயர்ந்து செல்ல அது இடம் கொடுக்கும்.

சொல்லில் தொடங்கும் குழப்பம் பரிசோதனைகளிலும் தொடர்கிறது. 'இப்போது என் உடலில் உறைவு இருக்கிறதா?' என்பது ஒரு கேள்வி. 'எனக்கு உறைவு ஏற்படும் இயல்பு இருக்கிறதா?' என்பது வேறொரு கேள்வி. முதல் கேள்விக்கான பரிசோதனைகள் வேறு, இரண்டாவதற்கானவை வேறு. ஒன்றுக்குக் கிடைத்த விடையை மற்றதற்கான விடையாக எடுத்துக்கொள்வதால்தான் தேவையற்ற அச்சமும், அதைவிட ஆபத்தான பொய்யான நிம்மதியும் பிறக்கின்றன.

யாருக்கு வரும் என்பதிலேயே முதல் தவறான கணிப்பு தொடங்குகிறது. கொழுப்பு மிகுந்தவர்களுக்கும் முதியவர்களுக்கும் மட்டுமே இது வரும் என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. மாரடைப்புக்குக் காரணமான தமனி அடைப்பையும் சிரையில் ஏற்படும் உறைவையும் ஒன்றெனக் கருதுவதால் வரும் எண்ணம் அது. சிரை உறைவுக்கு மூன்று வழிகள் உண்டு: இரத்த ஓட்டம் மந்தமாவது, குழாயின் உட்சுவர் சிதைவது, இரத்தத்தின் உறையும் தன்மை கூடுவது. 1821-இல் பிறந்த ஜெர்மானிய மருத்துவர் ருடால்ஃப் விர்ச்சோவின் பெயரால் இம்மூன்றும் இன்றும் கற்பிக்கப்படுகின்றன. அவர் பிறந்த அக்டோபர் 13-ஆம் நாளே உலக இரத்த உறைவு விழிப்புணர்வு நாளாகக் கடைப்பிடிக்கப்படுகிறது. பெரிய அறுவை சிகிச்சை, மாவுக்கட்டு போட்ட கால், புற்றுநோய், கர்ப்பம், பிரசவத்துக்குப் பிந்தைய ஆறு வாரங்கள், ஈஸ்ட்ரோஜன் கலந்த கருத்தடை மாத்திரை என எல்லாவற்றையும் இம்மூன்றில் ஒன்றோடோ பலவற்றோடோ பொருத்திப் பார்க்கலாம். இவற்றில் பல இளம் வயதினருக்கும் நேர்பவை.

நீண்ட விமானப் பயணத்தைப் பற்றி எல்லோருக்கும் தெரிந்திருக்கிறது. ஆனால் உலக சுகாதார நிறுவனம் 2007-இல் வெளியிட்ட ஆய்வு முடிவின்படி, 4 மணி நேரத்துக்கு மேற்பட்ட விமானப் பயணத்துக்குப் பிறகு உடல்நலமுள்ளவர்களில் ஏறத்தாழ 6,000 பேரில் ஒருவருக்கே உறைவு ஏற்படுகிறது. இதைவிடப் பெரிய ஆபத்து மருத்துவமனையில் படுத்திருக்கும் நாட்களிலும், வீடு திரும்பிய பின் வரும் மூன்று மாதங்களிலும் இருக்கிறது. அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்தது, தையலும் பிரித்தாயிற்று என்று மனம் தளர்வடையும் காலமே அது. அந்த நாட்களில் ஒரு கால் மட்டும் வீங்கினால் படுத்தே இருந்ததால் வந்த வீக்கம் என்று தள்ளிவிடக் கூடாது.

ஒரு கால் என்பதை அழுத்திச் சொல்ல வேண்டியிருக்கிறது. இதயம், சிறுநீரகம் தொடர்பான வீக்கம் பொதுவாக இரு கால்களிலும் வரும். ஆழ்சிரை உறைவு பெரும்பாலும் ஒரு காலில்தான் தெரியும்: கெண்டைக்காலில் வலி, கனம், சூடு, நிறமாற்றம். சுளுக்கு என்றும் தசைப்பிடிப்பு என்றும் நினைத்து நாட்களைக் கடத்துபவர்கள் பலர். இரு கெண்டைக்கால்களின் சுற்றளவை நாடாவால் அளந்து பார்த்தால், 3 சென்டிமீட்டருக்கு மேற்பட்ட வேறுபாட்டை மருத்துவர்கள் ஒரு மதிப்பெண்ணாகக் கணக்கில் கொள்கிறார்கள். ஆயினும் வீக்கமே இல்லாமலும் உறைவு இருக்கக்கூடும். சிலருக்கு மூச்சுத்திணறலே முதல் அறிகுறியாக வருகிறது. திடீரென்று மூச்சு வாங்குதல், மூச்சை உள்ளிழுக்கும்போது நெஞ்சில் குத்தல், காரணமின்றி வேகமான நாடித்துடிப்பு, இருமலில் இரத்தம், மயக்கம் ஆகியவற்றில் எது வந்தாலும் அது அவசரச் சிகிச்சைப் பிரிவுக்குச் செல்ல வேண்டிய நேரம். விரலில் மாட்டும் ஆக்சிஜன் அளவி 98 காட்டுகிறது என்பதற்காகக் காத்திருப்பது தவறு. நுரையீரலில் உறைவு இருக்கும்போதும் அந்த எண் இயல்பாக இருக்க முடியும்.

டி-டைமர் என்னும் எண்

தவறுகள் மிகுதியாக நிகழும் இடம் இது. உறைவைப் பின்னிப் பிடித்திருக்கும் ஃபைப்ரின் இழைகளை உடல் கரைக்கும்போது உதிரும் துணுக்கே டி-டைமர். உடலில் எங்கோ உறைதலும் கரைதலும் நடக்கின்றன என்பதை மட்டுமே அது சொல்லும். எங்கே, ஏன் என்று சொல்லாது. நோய்த்தொற்று, புற்றுநோய், கர்ப்பம், அண்மையில் நடந்த அறுவை சிகிச்சை, காயம், முதுமை ஆகிய அனைத்திலும் அது உயரும். ஆகவே எந்த அறிகுறியும் இல்லாத ஒருவர் முழு உடல் பரிசோதனைத் தொகுப்பில் இதையும் சேர்த்துச் செய்துகொண்டு, எண் உயர்ந்திருப்பதைக் கண்டு உறைவு இருப்பதாகக் கலங்குவது பொருளற்றது.

இதன் உண்மையான பயன் மறுப்பதில் இருக்கிறது. அறிகுறிகளையும் சூழலையும் மதிப்பெண்களாக மாற்றும் வெல்ஸ் அளவுகோல் போன்றவற்றைக் கொண்டு, உறைவு இருக்கும் வாய்ப்பு குறைவு என்று மருத்துவர் முதலில் கணிக்கிறார். அதன் பிறகு டி-டைமரும் இயல்பாக இருந்தால், உறைவு இல்லை என்று ஸ்கேன் இல்லாமலேயே பெரும்பாலும் முடிவு செய்யலாம். ஆனால் சந்தேகம் வலுவாக இருக்கும் ஒருவரிடம், உதாரணமாகப் புற்றுநோய்ச் சிகிச்சையில் இருக்கும்போது ஒரு கால் முழுவதும் வீங்கியவரிடம், இயல்பான டி-டைமரைக் காட்டி வீட்டுக்கு அனுப்புவது பிழையாகும். அறிகுறி தொடங்கிப் பல நாட்கள் கடந்திருந்தாலோ, இரத்தம் உறைவதைத் தடுக்கும் மருந்து ஏற்கெனவே தொடங்கப்பட்டிருந்தாலோ, உறைவு இருக்கும்போதே அந்த எண் தாழ்ந்து காட்டக்கூடும்.

அலகைப் பார்க்காமல் எண்ணை மட்டும் படிப்பது இன்னொரு தவறு. சில ஆய்வகங்கள் எஃப்.இ.யூ. என்ற அலகிலும் வேறு சில டி.டி.யூ. என்ற அலகிலும் முடிவைத் தருகின்றன. முதலாவது எண் இரண்டாவதைப் போல் ஏறத்தாழ இரு மடங்கு. ஓர் ஆய்வகத்தின் 400-ஐ மற்றோர் ஆய்வகத்தின் 400-உடன் ஒப்பிட்டு, குறைந்துவிட்டது, கூடிவிட்டது என்று பேசுவதில் பயனில்லை. எஃப்.இ.யூ. அலகில் வழக்கமான எல்லை மில்லிலிட்டருக்கு 500 நானோகிராம். 50 வயதைக் கடந்தவர்களுக்கு வயதைப் பத்தால் பெருக்கி எல்லையை வகுத்துக்கொள்ளும் முறையும் உண்டு. அதன்படி 70 வயதானவருக்கு 700 வரை ஏற்கத்தக்கது. அறிக்கையில் அச்சிடப்பட்ட ஒரே எல்லையைக் கொண்டு முதியவர்களை அச்சுறுத்துவது இதனால் குறைகிறது.

உறைவை உறுதி செய்வது படம்தான்: காலுக்கு டாப்ளர் ஸ்கேன், நுரையீரலுக்கு சி.டி. ஆஞ்சியோகிராம். தொடையையும் முழங்காலின் பின்புறத்தையும் மட்டும் பார்த்த ஸ்கேனில் ஒன்றும் தெரியாவிட்டால், கெண்டைக்காலில் இருக்கும் சிறு உறைவு மேலே வளரக்கூடும் என்பதால், ஒரு வாரம் கழித்து மீண்டும் பார்க்கச் சொல்வதுண்டு. ஒருமுறை பார்த்தாயிற்றே என்று அந்த இரண்டாவது ஸ்கேனைத் தவிர்த்துவிடக் கூடாது.

உறையும் இயல்பைச் சோதிப்பது

'ரத்தம் உறையும் நேரம் பார்த்தோம், பி.டி., ஐ.என்.ஆர்., தட்டணுக்கள் எல்லாம் சரியாக இருக்கின்றன. எனவே உறைவு வராது' என்று நம்புவோர் உண்டு. இவை முதன்மையாக இரத்தக் கசிவு ஆபத்தைக் காண்பதற்கும், வார்ஃபரின் போன்ற உறைவுத் தடுப்பு மருந்தின் அளவைக் கண்காணிப்பதற்கும் உரியவை. இவை அனைத்தும் இயல்பாக உள்ளவருக்கும் பெரிய உறைவு ஏற்படலாம்.

பரம்பரையாக வரும் உறையும் இயல்பை அறிய வேறு பரிசோதனைகள் உள்ளன: உறைதலைக் கட்டுப்படுத்தும் புரதங்களான புரோட்டீன் சி, புரோட்டீன் எஸ், ஆன்டித்ராம்பின் ஆகியவற்றின் அளவு, ஃபேக்டர் ஃபைவ் லெய்டன், புரோத்ராம்பின் மரபணு மாற்றம். இவற்றில் முதல் மூன்றும் இரத்தம் எடுக்கும் நேரத்தைப் பொறுத்து மாறுபவை. உறைவு புதிதாக ஏற்பட்ட நாட்களில் அவை செலவழிந்து குறைவாகக் காட்டலாம். வார்ஃபரின் உட்கொள்ளும்போது புரோட்டீன் சி, எஸ் இரண்டும் குறையும்; உறைவுத் தடுப்பு ஊசி மருந்தான ஹெப்பாரின் ஆன்டித்ராம்பினைக் குறைக்கும்; கர்ப்ப காலத்தில் புரோட்டீன் எஸ் இயல்பாகவே தாழும். மருத்துவமனையில் சேர்த்த அன்றே எல்லாவற்றையும் மொத்தமாக எடுத்து, தாழ்ந்த எண்ணைக் கண்டு, பரம்பரைக் குறைபாடு என்ற முத்திரையை ஒருவர் வாழ்நாள் முழுவதும் சுமப்பது எனக்கு மிகவும் வேதனை தரும் தவறு. அந்த முத்திரை அவரோடு நிற்பதில்லை. அவருடைய பிள்ளைகளின் திருமணப் பேச்சு வரை அது தொடர்கிறது. அவசரச் சிகிச்சையைத் தொடங்க இந்த முடிவுகள் தேவையே இல்லை என்பதால், பொறுத்திருந்து எடுப்பதில் இழப்பு எதுவும் இல்லை.

ஃபேக்டர் ஃபைவ் லெய்டன் என்பது நெதர்லாந்தின் லெய்டன் நகரில் 1994-இல் அடையாளம் காணப்பட்ட மரபணு மாற்றம். ஐரோப்பிய வம்சாவளியினரில் ஏறத்தாழ 5 சதவீதம் பேரிடம் இருக்கும் இது, கிழக்கு ஆசியர்களிடமும் ஆப்பிரிக்கர்களிடமும் மிக அரிது. மரபணு சார்ந்தது என்பதால் மருந்தோ காய்ச்சலோ இதை மாற்றுவதில்லை. ஆயினும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து மட்டும் இதைப் பெற்றவர்களில் பெரும்பாலோருக்கு வாழ்நாளில் ஒரு முறைகூட உறைவு ஏற்படுவதில்லை. மறுபுறம், அத்தனை முடிவுகளும் இயல்பு என்று வந்தவருடைய தாய்க்கும் அண்ணனுக்கும் இளம் வயதிலேயே உறைவு வந்திருந்தால், அவரை ஆபத்தற்றவர் என்று சொல்ல முடியாது. இன்னும் பெயரிடப்படாத காரணங்களும் குடும்பங்களில் ஓடுகின்றன. குடும்ப வரலாறு தனியாகவே ஒரு சான்று. எம்.டி.எச்.எஃப்.ஆர். என்ற மரபணுவுக்கான பரிசோதனையையோ உறைவைக் காரணம் காட்டிச் செய்ய வேண்டாம் என்றே மருத்துவ வழிகாட்டுதல்கள் கூறுகின்றன.

லூபஸ் ஆன்டிகோயாகுலன்ட் என்ற பெயர் தனியாக ஒரு குழப்பத்தைத் தருகிறது. அது உடலின் நோயெதிர்ப்பு அமைப்பு தவறாக உருவாக்கும் ஓர் எதிர்ப்பொருள். பெயரின்படி அது உறைதலைத் தடுப்பது. ஆய்வகக் குழாயில் உண்மையிலேயே உறையும் நேரத்தை நீட்டிக்கும். உடலுக்குள்ளோ அது உறைவை உண்டாக்கும். திரும்பத் திரும்பக் கரு கலைவதற்கும் காரணமாகலாம். இதை உடையவர்களில் பலருக்கு லூபஸ் என்ற தன்னெதிர்ப்பு நோயும் இருப்பதில்லை. தொற்றுகளின்போது இது தற்காலிகமாகத் தோன்றி மறைவதால், குறைந்தது 12 வாரங்கள் கழித்து மீண்டும் உறுதி செய்த பிறகே நோய் என்று சொல்ல வேண்டும். ரிவரோக்சபான் போன்ற புதிய உறைவுத் தடுப்பு மருந்துகள் இந்தப் பரிசோதனையைத் திரித்துக் காட்டும் என்பதையும் மறந்துவிடக் கூடாது.

சிகிச்சை தொடங்கிய பின்

'ரத்தத்தை நீர்க்கச் செய்யும் மாத்திரை' என்ற வழக்கு தவறான படத்தைத் தருகிறது. இரத்தம் நீர்ப்பதும் இல்லை, மாத்திரை உறைவைக் கரைப்பதும் இல்லை. உறைவு மேலும் வளராமல் அது தடுத்து நிற்க, கரைக்கும் வேலையை உடல் மெதுவாகச் செய்கிறது. அதனால்தான் வீக்கம் இரண்டு வாரத்தில் வடிந்தாலும் குறைந்தது 3 மாதங்கள் மருந்து தொடர்கிறது. வலி போய்விட்டது என்று இடையில் நிறுத்துவோருக்கு மறு உறைவு வரும் ஆபத்து மிகுதி. ஆஸ்பிரின் இதற்கு மாற்றாகாது. வலிக்காக இபுபுரோஃபென், டைக்ளோஃபெனாக் ஆகியவற்றைத் தாமாகச் சேர்த்துக்கொள்வது இரத்தக் கசிவை வரவழைக்கும். அசையாமல் படுத்திருக்க வேண்டும் என்ற பழைய அறிவுரையும் மாறிவிட்டது. மருந்து தொடங்கிய பின் இயன்ற அளவு நடக்கவே பெரும்பாலும் சொல்கிறார்கள்.

ஒரு முறை உறைவு வந்தவர் தம் கோப்பில் நான்கு செய்திகளை எழுதி வைத்திருப்பது, அடுத்த அறுவை சிகிச்சைக்கோ கர்ப்பத்துக்கோ முன்னால் மருத்துவருக்கு எந்த விலையுயர்ந்த பரிசோதனையையும்விட உதவும்: உறைவு எந்த நாளில் எந்த இடத்தில் வந்தது, அதற்கு முந்தைய மூன்று மாதங்களில் அறுவை சிகிச்சை, பிரசவம், மாத்திரை, படுக்கை என என்ன நேர்ந்திருந்தது, குடும்பத்தில் யாருக்கு எந்த வயதில் வந்தது, பரிசோதனைக்கு இரத்தம் எடுத்த அன்று எந்த மருந்தில் இருந்தார். கடைசிச் செய்தி இல்லாத புரோட்டீன் எஸ் அறிக்கையை வைத்துக்கொண்டு எந்த மருத்துவராலும் உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அந்தப் பரிசோதனையை மீண்டும்தான் செய்ய வேண்டியிருக்கும்.