டிஎன்எஸ் தானாக மாறுகிறதா? கோப்பைப் பூட்டாதீர்கள்

"அண்ணா, டிஎன்எஸ்ஸுக்கு 8.8.8.8 போட்டு வெச்சேன். ரீஸ்டார்ட் பண்ணா வேற நம்பர் நிக்குது." கிருஷ்ணகிரியில் என்னிடம் லினக்ஸ் பழக வருகிற ஒவ்வொரு செட்டிலும் இந்தப் புகாரைக் கேட்கிறேன். டிஎன்எஸ் என்பது தளத்தின் பெயரை ஐபி முகவரியாக மாற்றித் தரும் சேவை; 8.8.8.8 கூகுள் நடத்தும் டிஎன்எஸ். எழுத்துப்பிழை, கேபிள் கழன்றது போன்றவற்றை அவர்களே கண்டுபிடித்துவிடுவார்கள். அவற்றை விட்டுவிட்டு மற்ற தவறுகளைச் சொல்கிறேன்.

ரிசால்வ்.கான்ஃபைக் கையால் எழுதிப் பூட்டுவது

எந்த டிஎன்எஸ்ஸைக் கேட்பது என்று மெஷினுக்குச் சொல்லும் கோப்பு இது. இன்றைக்குப் பெரும்பாலான லினக்ஸில் இதை நெட்வொர்க்மேனேஜர் அல்லது சிஸ்டம்டி-ரிசால்வ்ட் என்ற பின்னணி புரோகிராம் எழுதுகிறது. ரவுட்டர் டிஹெச்சிபி (முகவரியைத் தானாகக் கொடுக்கும் முறை) மூலம் ஐபி முகவரி தரும்போதே டிஎன்எஸ் முகவரியையும் தந்துவிடும். அடுத்த முறை நெட் இணைந்ததும் நீங்கள் எழுதியது போய்விடும்.

உடனே யாராவது 'சாட்டர் பிளஸ் ஐ' என்ற பூட்டும் கட்டளையைப் போடச் சொல்வார்கள். அதைப் போட்டால், பூட்டைத் திறக்கும்வரை எல்லா உரிமையும் உள்ள ரூட்கூட அந்தக் கோப்பைத் திருத்த முடியாது. இந்த யோசனையைக் கேட்டாலே எனக்குக் கோபம் வரும்.

ஓசூரில் வேலைக்குச் சேர்ந்த ஒரு பையன், 10-இல் தொடங்கும் ஆபீஸ் டிஎன்எஸ் முகவரியை எழுதி இப்படிப் பூட்டிவிட்டான். வாரக்கடைசியில் ராயக்கோட்டை வழியாகப் பாலக்கோட்டுக்கு வந்தான். வீட்டு வைஃபையில் 8.8.8.8-க்குப் பிங் போகிறது, அதாவது நெட் இருக்கிறது; ஆனால் ஒரு தளமும் திறக்கவில்லை. திறக்காது; அந்த 10 முகவரி ஆபீஸுக்குள் மட்டுமே எட்டும். ரவுட்டரை ரீசெட் செய்தான், நெட் கொடுத்தவரோடு சண்டை போட்டான், கடைசியில் டிஸ்க்கை அழித்து லினக்ஸை மறுபடி ஏற்றினான். எழுதி வைத்திருந்த ஸ்கிரிப்ட் எல்லாம் போயிற்று. கோப்பின் பூட்டைக் காட்டும் 'எல்எஸ்அட்டர்' அடித்திருந்தால் அந்த 'ஐ' கண்ணில் பட்டிருக்கும். 'சாட்டர் மைனஸ் ஐ' பூட்டைத் திறந்திருக்கும். இப்போது நினைத்தாலும் வயிறு எரிகிறது.

கோப்பை எழுதுவது யார் என்று முதலில் பாருங்கள். 'எல்எஸ் மைனஸ் எல்' அது சிம்லிங்கா (வேறு கோப்பைச் சுட்டும் இணைப்பா) என்று காட்டும். கோப்பின் முதல் வரிகளிலேயே எழுதிய புரோகிராமின் பெயர் பெரும்பாலும் இருக்கும். நெட்வொர்க்மேனேஜர் என்றால் அதன் கட்டளையான 'என்எம்சிஎல்ஐ'யில் அந்த இணைப்புக்கு டிஎன்எஸ்ஸைக் கொடுங்கள். கூடவே 'இக்னோர்-ஆட்டோ-டிஎன்எஸ்'ஸுக்கு 'யெஸ்' கொடுங்கள். பலரும் விடுவது இதைத்தான்; விட்டால் ரவுட்டர் தந்ததும் பட்டியலில் சேர்ந்துகொள்ளும். பிறகு இணைப்பை ஒருமுறை இறக்கி ஏற்றுங்கள்.

127.0.0.53-ஐப் பார்த்துப் பதறுவது

ரிசால்வ்.கான்ஃபில் இந்த முகவரி இருந்தால் அது வைரஸ் இல்லை. சிஸ்டம்டி-ரிசால்வ்ட் உங்கள் மெஷினுக்குள்ளேயே கேட்டுக்கொண்டிருக்கும் முகவரி அது. ரிசால்வ்ட் எந்த டிஎன்எஸ்ஸிடம் போய்க் கேட்கிறது என்பதை 'ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ்' இணைப்புவாரியாகச் சொல்லும்.

ஐபிவி6-ஐ மறப்பது

ஐபிவி6 ஐபி முகவரியின் புதிய வகை. ரவுட்டர் அந்த வழியிலும் டிஎன்எஸ் அனுப்பலாம். அதே அமைப்பை அங்கேயும் செய்யுங்கள்.

டிக்கை மட்டும் நம்புவது

டிக் என்பது டிஎன்எஸ்ஸிடம் நேரடியாகக் கேட்டுப் பார்க்கும் கட்டளை. அது ஹோஸ்ட்ஸ் கோப்பை (மெஷினுக்குள் இருக்கும் பெயர்-முகவரிப் பட்டியலை) பார்க்காது, பிரவுசர் பார்க்கும். அந்தக் கோப்பையும் பார்க்கும் 'கெட்என்ட் ஹோஸ்ட்ஸ்' போட்டும் பாருங்கள்.

நாலாவது நேம்சர்வர்

ரிசால்வ்.கான்ஃபில் எழுதும் டிஎன்எஸ் முகவரிகளைத்தான் நேம்சர்வர் என்கிறோம். புரோகிராம்கள் பயன்படுத்தும் அடிப்படை நூலகமான கிலிப்சி மூன்றுக்கு மேல் படிக்காது.