பனியன் வேஸ்ட் பஞ்சைக் கூரைக்கடியில் வைக்கும் முன்

சித்திரை வெயில் ஏறினால் எனக்கு ஃபோன் வர ஆரம்பித்துவிடும். எல்லாம் திருப்பூர்ப் பக்கம் தகர சீட் வீடு வைத்திருப்பவர்கள். பனியன் வெட்டும்போது மிஞ்சும் துண்டுத் துணியை, அதாவது கட்டிங் வேஸ்ட்டைப் பிரித்துப் பஞ்சாக்கிச் செய்த பாயை ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே போடப் போகிறோம் என்பார்கள். நல்ல விஷயம்தான். ஓ.இ. (ஓப்பன் எண்ட்) நூற்பு மில்லுக்குப் போனால் நூலாகிற பஞ்சு, இங்கே சூட்டைத் தடுக்கிறது. ஆனால் ஆரம்பத்தில் நாங்கள் பண்ணிய கோளாறையே ஒவ்வொருவரும் புதிதாகப் பண்ணுகிறார்கள். அளவு தப்பாக வெட்டுவது, மாஸ்க் போடாமல் தும்முவது எல்லாம் ஒரே நாளில் தெரிந்துவிடும், அவற்றை விட்டுவிடுகிறேன்.

திணிப்பது

சூட்டைத் தடுப்பது துணி அல்ல, இழைகளுக்கு நடுவே அசையாமல் நிற்கும் காற்று. நாலு அங்குலப் பாயை இரண்டு அங்குல இடத்தில் மிதித்து ஏற்றினால் கொடுத்த காசு வீண்.

ஒழுகலைப் பார்க்காமல் போடுவது

என் வயிற்றெரிச்சலே இதுதான். சீட்டில் போல்ட் போட்ட இடத்தில் ரப்பர் வாஷர் இருக்கும். சில வருஷ வெயிலில் அது காய்ந்து வெடித்துவிடும். பஞ்சு இல்லாத வீட்டில் மழைத்தண்ணீர் நேராகத் தரையில் சொட்டும். ஒரு குண்டாவை வைத்துவிட்டு ஆளைக் கூப்பிடுவோம். பஞ்சு இருந்தால் ஒரு சொட்டும் வெளியே வராது. அத்தனையையும் குடித்துவிட்டுச் சத்தமில்லாமல் கிடக்கும்.

பல்லடத்துக்குப் பக்கம் ஒரு வீட்டில் பங்குனியில் பாய் போட்டார்கள். “வாஷரையெல்லாம் மாத்திட்டுப் போடுங்க” என்றேன். “ஒழுகவே இல்லீங்களே, அப்புறம் எதுக்குங்க?” என்றார் வீட்டுக்காரர். ஆடித் தூறலில் ஒன்றும் தெரியவில்லை. ஐப்பசி அடைமழையில் ஜிப்சம் போர்டு தொப்பை தள்ளி, ஒரு விடியற்காலையில் கட்டில் மேலேயே இறங்கிவிட்டது. நல்லவேளை, மனிதர் பால் வாங்கப் போயிருந்தார். ஏறிப் பார்த்தால் பாயெல்லாம் கருப்புப் பூஞ்சை, ஆங்கிளில் துரு. பாய், போர்டு, பெயிண்ட் மூன்றுக்கும் மறுபடி செலவு. வாஷர் மாற்றியிருந்தால் ஒரு நாள் கூலியோடு முடிந்திருக்கும்.

இதைச் சொன்னால் உடனே, “அப்பப் பாலித்தீன்ல சுத்திட்டாச் சரியாப் போச்சுங்களே?” என்பார்கள். ஆகாது. உள்ளே போன ஈரம் வெளியே வராது. காற்று இருந்த இடத்தைத் தண்ணீர் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் காற்றைவிட 20 மடங்குக்கு மேல் சூட்டைக் கடத்தும்.

பாய் போடும் முன் ஒருவர் கூரை மேல் ஹோஸ் பிடிக்க, இன்னொருவர் உள்ளே டார்ச் அடித்து ஒவ்வொரு போல்ட்டாகப் பார்க்க வேண்டும். சீட் மேல் சீட் ஏறும் இடத்தை விட்டுவிடாதீர்கள். சீட்டுக்கும் பாய்க்கும் நடுவே இரண்டு விரல் இடைவெளி விட்டு, இரு முனையிலும் காற்று போக வழி வையுங்கள். மார்கழியில் சீட்டின் அடியில் வேர்க்கும் தண்ணீர் அப்படித்தான் காயும்.

மருந்து ஏற்றாத பஞ்சு

மலிவாகக் கிடைக்கிறதென்று மூட்டையோடு வாங்கி வந்து கொட்டுகிறார்கள். தீப்பிடித்தால் பாலியஸ்டர் உருகிச் சொட்டும், பருத்தி கனன்றுகொண்டே போகும். தீயை அடக்கும் மருந்தான போராக்ஸ், போரிக் அமிலம் ஏற்றியதா என்று கேளுங்கள். பூச்சியும் அண்டாது. நம்பிக்கை இல்லையா, கொஞ்சம் பிய்த்துக் குறடில் பிடித்து, வாசலில் வைத்துக் கொளுத்திப் பாருங்கள். ஆனால் அந்த மருந்து தண்ணீரில் கரையும். ஒழுகினால் அதுவும் போச்சு.

பழைய ஒயர்

பஞ்சுக்குள் புதைக்காதீர்கள்.

மொட்டை மாடியில் விரிப்பது

வேண்டாம். அங்கே வெள்ளை அடியுங்கள்.