பழைய ஜீப் ஆக்ஸிலில் ஒரு டிரெய்லர்

பிரித்துப் போட்ட ஜீப்பின் பின் ஆக்ஸிலை டிரெய்லருக்கு எடுத்தேன். அப்படியே மாட்டினால் சக்கரத்தோடு நடுவிலுள்ள பல்சக்கரங்களான கிரவுனும் பினியனும் வீணாகச் சுற்றும்; இழுவை கூடும், முனகல் சத்தமும் வரும். எனக்குக் கிடைத்தது ஃபுல் ஃப்ளோட்டிங் வகை. இதில் பாரத்தைத் தாங்குவது ஹப்பில், அதாவது சக்கரம் மாட்டும் குடத்தில் உள்ள பேரிங்குகள்தான்; உள்ளே ஓடும் தண்டான ஷாஃப்ட்டுக்குச் சுழற்றுவது மட்டுமே வேலை. அதனால் இரண்டு ஷாஃப்ட்டையும் உருவி, கிரவுன் பினியனைக் கழற்றி எடை குறைத்தேன். ஹப் வாயை இரும்புத் தகடும் கேஸ்கெட்டும் வைத்து அடைத்தேன். இனி டிஃபரன்ஷியல் ஆயில் (கிரவுன் பினியன் இருந்த நடுப்பெட்டியின் எண்ணெய்) பேரிங்குக்கு வராது. கிரீஸை நன்றாக அடைத்து, புது சீல் போட்டே ஆகவேண்டும்.

செமி ஃப்ளோட்டிங் ஆக்ஸில் என்றால் ஷாஃப்ட்டில் கை வைக்காதீர்கள். சக்கரமே அதில்தான் நிற்கிறது!

ஜீப்பின் கமான் பட்டை (அடுக்கு ஸ்பிரிங்) சின்ன டிரெய்லருக்கு ரொம்ப விறைப்பு, காலியாக ஓடும்போது துள்ளும். சில பட்டைகளை உருவினேன். ஆக்ஸிலை நடுவிலிருந்து சற்றுப் பின்னே தள்ளி, யு போல்ட்டால் இறுக்கினேன். மொத்த எடையில் சுமார் 10 சதவீதம் இழுக்கும் வண்டியின் கொக்கியில் இறங்கவேண்டும். குறைந்தால் வேகத்தில் டிரெய்லர் வால்போல் ஆடும். கொஞ்ச தூரம் ஓட்டியதும் ஹப்பைத் தொட்டுப் பார்த்தேன், இரண்டு பக்கமும் ஒரே இளஞ்சூடு.