டிஎன்இஏ விருப்பப் பட்டியல் போடுவது எப்படி? வீட்டில் முதல் ஆளாகக் கல்லூரிக்குப் போகிறவர்களுக்கு

பிளஸ் டூ ரிசல்ட் வந்த நாளிலிருந்து ஆகஸ்ட் கடைசி வரைக்கும் எங்கள் வீட்டுத் திண்ணையில் மார்க் ஷீட்டோடு யாராவது ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். நான் கிண்டி பொறியியல் கல்லூரியில் படித்தவள், எங்கள் குடும்பத்தில் முதல் பட்டதாரி. அதனால் தெருவில் யார் வீட்டில் டிஎன்இஏ, அதாவது தமிழ்நாட்டுப் பொறியியல் சேர்க்கைக்கான கவுன்சிலிங் என்றாலும் "அக்காகிட்ட ஒரு வார்த்தை கேட்டுட்டு வா" என்று அனுப்பிவிடுவார்கள். எல்லாருக்கும் திரும்பத் திரும்பச் சொல்வதை இங்கே எழுதிவைக்கிறேன். மதிப்பெண் இருந்தும் கல்லூரி விருப்பப் பட்டியலைத் தப்பாகப் போட்டதால் நல்ல இடத்தைத் தவறவிட்ட பிள்ளைகளைப் பார்த்திருக்கிறேன். அது இன்னொரு வீட்டில் நடக்கக்கூடாது.

முதலில் ஒரு சின்னப் பின்னணி. அண்ணா பல்கலைக்கழகம் 1978-இல் உருவானது. அதற்குள் இருக்கும் கிண்டி பொறியியல் கல்லூரியின் வேர் 1794-இல் தொடங்கிய நில அளவைப் பள்ளி வரை போகிறது. கிண்டி வளாகத்தில் இருக்கும் ஏ.சி. தொழில்நுட்பக் கல்லூரி, குரோம்பேட்டை எம்ஐடி, இவற்றோடு தமிழ்நாடு முழுக்க இருக்கும் நானூற்றுக்கும் மேற்பட்ட இணைப்புக் கல்லூரிகள் என எல்லாவற்றிலும் அரசு ஒதுக்கீட்டு இடங்கள் ஒரே கலந்தாய்வில்தான் நிரப்பப்படுகின்றன. இதைத் தொடக்கத்தில் அண்ணா பல்கலைக்கழகமே நடத்தியது. 2019 முதல் தொழில்நுட்பக் கல்வி இயக்ககம் நடத்துகிறது. நுழைவுத் தேர்வு கிடையாது, பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாம்.

படி 1: கட்-ஆஃப் கணக்கு

கணிதம் நூற்றுக்கு அப்படியே. இயற்பியலில் பாதி, வேதியியலில் பாதி. மொத்தம் 200. கணிதம் 92, இயற்பியல் 84, வேதியியல் 88 என்றால் 92 + 42 + 44 = 178. அவ்வளவுதான். இரண்டு பேர் ஒரே கட்-ஆஃப் வாங்கியிருந்தால் முதலில் கணித மதிப்பெண்ணையும் அடுத்து இயற்பியல் மதிப்பெண்ணையும் பார்ப்பார்கள். எல்லாமே சமமாக வந்தால்தான், விண்ணப்பித்த ஒவ்வொருவருக்கும் கம்ப்யூட்டர் போடும் ரேண்டம் எண் உதவிக்கு வரும். அதனால் ரேண்டம் எண் சின்னதாக வந்துவிட்டதே என்று கவலைப்பட்டு ராத்தூக்கத்தைக் கெடுத்துக்கொள்ள வேண்டாம்.

படி 2: விண்ணப்பமும் சான்றிதழ்களும்

விண்ணப்பத்தில் கொடுக்கும் மொபைல் எண்ணும் மின்னஞ்சலும் உங்களுடையதாகவோ அம்மா அப்பாவுடையதாகவோ இருக்கட்டும். சில வருடங்களுக்கு முன் பக்கத்துத் தெருத் தங்கை ஒருத்தி பிரவுசிங் சென்டரில் விண்ணப்பித்தாள். கடைக்காரர் தன் எண்ணையே போட்டுவிட்டார். பாஸ்வேர்டை மாற்றலாம் என்று பார்த்தால் ஓடிபி அவர் போனுக்குப் போனது. அவரோ வெளியூர்க் கல்யாணத்தில் இருந்தார். அன்றைக்கு முழுக்க அந்தப் பிள்ளை கடை வாசலிலேயே நின்றது. கடையில் வைத்து விண்ணப்பிப்பது தப்பில்லை, ஆனால் எண்ணும் பாஸ்வேர்டும் உங்கள் கையில் இருக்கவேண்டும். வீட்டில் கம்ப்யூட்டர் இல்லை என்றால் மாவட்டந்தோறும் இருக்கும் டிஎன்இஏ உதவி மையங்களுக்குப் போகலாம்.

சாதிச் சான்றிதழ் எல்லாரிடமும் இருக்கும். மறந்துபோவது முதல் பட்டதாரிச் சான்றிதழைத்தான். அண்ணனோ அக்காவோ ஏற்கெனவே பட்டம் வாங்கியிருந்தால் உங்களுக்கு அது கிடைக்காது. இல்லையென்றால் இ-சேவை மையத்தில் இன்றைக்கே விண்ணப்பியுங்கள், கல்விக் கட்டணத்தில் சலுகை உண்டு. ரிசல்ட் வந்தபிறகு போனால் கூட்டம், சர்வர் தகராறு, விஏஓ லீவு என்று நாள் ஓடிவிடும்.

6-ஆம் வகுப்பிலிருந்து 12 வரை அரசுப் பள்ளியில் படித்தவர்களுக்கு 7.5 சதவீத உள் ஒதுக்கீடு இருக்கிறது. பொறியியலுக்கு இது 2021-இல் வந்தது. அந்த ஒதுக்கீட்டில் சேர்ந்தால் படிப்புக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே கட்டுகிறது. பள்ளியில் படித்ததற்கான சான்றை வகுப்பு வாரியாகத் தலைமை ஆசிரியரிடம் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ஒரு வருடம் வேறு ஊரில் படித்திருந்தால் அந்தப் பள்ளியின் விவரமும் தேவைப்படும்.

படி 3: தரவரிசையைப் படிப்பது

தரவரிசைப் பட்டியல் வந்ததும் பொதுத் தரவரிசை, சமூகத் தரவரிசை என்று இரண்டு எண்கள் தெரியும். தமிழ்நாட்டில் 69 சதவீத இடஒதுக்கீடு என்பதால் சமூகத் தரவரிசை பெரிய விஷயம். பொதுப் பிரிவு இடம் இருந்தால் அதற்கும் உங்களைப் பார்ப்பார்கள், அது முடிந்தால் உங்கள் பிரிவு இடத்தைப் பார்ப்பார்கள்.

போன வருடம் எந்தக் கல்லூரியில் எந்தப் பாடப்பிரிவு எந்தக் கட்-ஆஃபில் முடிந்தது என்ற விவரம் டிஎன்இஏ தளத்தில் கிடைக்கும். எல்லாரும் அதில் மதிப்பெண்ணைப் பார்ப்பார்கள். நான் தரவரிசையைப் பாருங்கள் என்பேன். ஒரு வருடம் கணிதத் தாள் எளிதாக வந்தால் 190-க்கு மேல் கூட்டம் கூடிவிடும், போன வருடத்து 185-க்குக் கிடைத்தது இந்த வருடம் 188-க்கும் கிடைக்காமல் போகலாம். தரவரிசை அந்த அளவுக்கு ஆடாது.

படி 4: விருப்பப் பட்டியல்

இந்தப் பதிவை நான் எழுத உட்கார்ந்ததே இதற்காகத்தான். நிதானமாகப் படியுங்கள்.

2018-க்கு முன்னால் கவுன்சிலிங் என்றால் குடும்பமே பஸ் ஏறி அண்ணா பல்கலைக்கழக வளாகத்துக்கு வரவேண்டும். நானும் அப்பாவோடு அப்படித்தான் வந்தேன். ராத்திரி முழுக்கப் பஸ், காலையில் வளாகத்தில் பந்தலுக்குள் நாற்காலி. எதிரே பெரிய திரையில் எந்தக் கல்லூரியில் எத்தனை இடம் மிச்சம் என்று ஓடிக்கொண்டே இருக்கும். நம் முறை வந்ததும் உள்ளே போய்க் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து, அந்த நேரத்தில் காலியாக இருக்கும் ஓர் இடத்தைச் சொல்லவேண்டும். திரையில் இல்லாததைக் கேட்க முடியாது. அதனால் 'கிடைக்கிறதை முதலில் பிடி' என்ற பேச்சு அந்தக் காலத்தில் சரி.

2018-இல் கலந்தாய்வு ஆன்லைனுக்கு மாறியது. பழைய அறிவுரை மட்டும் மாறவில்லை. இப்போது இடத்தைப் பார்த்துச் சொல்வது கிடையாது, முன்கூட்டியே ஒரு பட்டியலைக் கொடுக்கிறோம். கம்ப்யூட்டர் தரவரிசைப்படி ஒவ்வொருவராக எடுக்கும். உங்கள் முறை வரும்போது பட்டியலின் முதல் வரியில் இடம் இருக்கிறதா என்று பார்க்கும். இருந்தால் கொடுத்துவிட்டு அடுத்த ஆளுக்குப் போய்விடும். இல்லாவிட்டால் இரண்டாவது வரி, மூன்றாவது வரி என்று இறங்கும்.

இதிலிருந்து இரண்டு விஷயம் புரியவேண்டும். ஒன்று, கிடைக்காத கல்லூரியை முதலில் போட்டதால் உங்களுக்கு எந்த நஷ்டமும் இல்லை. முதல் பத்து வரியும் கிடைக்காமல் போனாலும் பதினோராவது வரிக்கு உங்கள் தரவரிசை அதே தரவரிசைதான். இரண்டு, கிடைக்கும் என்று தெரிந்த கல்லூரியை முதலில் போட்டால் அதுவே கிடைக்கும். அதற்குக் கீழே எழுதியதைக் கம்ப்யூட்டர் திரும்பிக்கூடப் பார்க்காது.

ஒரு தம்பிக்கு இதுதான் நடந்தது. அவனுக்கு இசிஇ (எலெக்ட்ரானிக்ஸ், கம்யூனிகேஷன் பொறியியல்) என்றால் உயிர். பழைய ரேடியோவைப் பிரித்து மாட்டுகிற பிள்ளை. யாரோ சொன்னார்கள் என்று வீட்டுப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் வேறொரு பிரிவை முதல் வரியில் வைத்துவிட்டு, ஆசைப்பட்ட கல்லூரியின் இசிஇ-யை நான்காவது வரியில் போட்டிருந்தான். முதல் வரியே கிடைத்துவிட்டது. அந்தச் சுற்று முடிவைப் பார்த்தபோது அவனுக்குப் பின்னால் தரவரிசையில் இருந்த, அவன் சமூகப் பிரிவைச் சேர்ந்த பிள்ளைக்கே அந்த இசிஇ இடம் கிடைத்திருந்தது. பட்டியலை என்னிடம் காட்டி "நாலாவதா இருக்கே அக்கா, ஏன் குடுக்கல?" என்று கேட்டான். என்ன பதில் சொல்வது?

ஆகவே பட்டியலை இப்படிப் போடுங்கள். ஒரு கோடு போட்ட நோட்டை எடுத்துக்கொள்ளுங்கள். மதிப்பெண்ணை மறந்துவிட்டு, இடம் கிடைத்தால் எங்கே எதைப் படிக்க ஆசை என்று ஒவ்வொரு வரியாக எழுதுங்கள். பிறகு பக்கத்துப் பக்கத்து வரிகளை இரண்டிரண்டாக எடுத்து, "இது இரண்டும் கிடைத்தால் எதில் சேர்வேன்?" என்று உங்களையே கேளுங்கள். பதில் கீழே இருக்கும் வரி என்றால் இடம் மாற்றுங்கள். மேலிருந்து கீழ்வரை இரண்டு தடவை இப்படிச் செய்தால் பட்டியல் உங்கள் மனசுக்கு வந்துவிடும். அப்புறம் போன வருடத் தரவரிசையைப் பக்கத்தில் எழுதுங்கள். அது வரிசையை மாற்றுவதற்கு அல்ல; உங்கள் தரவரிசைக்கு நிச்சயம் கிடைக்கக்கூடிய வரிகள் கீழே போதுமான அளவு இருக்கின்றனவா என்று சரிபார்க்க. எத்தனை வரி வேண்டுமானாலும் போடலாம். ஐம்பது, அறுபது போட்டாலும் தப்பில்லை. பத்து வரியோடு நிறுத்திவிட்டு எதுவும் கிடைக்கவில்லை என்று அழுவதுதான் கொடுமை.

ஒவ்வொரு வரியையும் முழுதாகப் படியுங்கள். ஒரே கல்லூரியில் ஒரே பிரிவு இரண்டு தடவை தெரியும், ஒன்றின் பக்கத்தில் எஸ்எஸ் என்று இருக்கும். அது சுயநிதிப் பிரிவு, கட்டணம் அதிகம். அதேபோல் சிவிலும் மெக்கானிக்கலும் தமிழ்வழி என்று தனி வரியாக வரும். அண்ணா பல்கலைக்கழகத்தில் 2010 முதல் தமிழ்வழிப் பொறியியல் இருக்கிறது. வேண்டும் என்று போடுவது வேறு, கவனிக்காமல் போடுவது வேறு. கல்லூரிப் பெயர்கள் ஒரே மாதிரி இருப்பதால் கல்லூரிக் குறியீட்டு எண்ணையும் நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். கிண்டி பொறியியல் கல்லூரிக்கு எண் 1, எம்ஐடிக்கு 4. நோட்டில் இருப்பதைத் திரையில் ஏற்றும்போது ஒருவர் வாசிக்க, இன்னொருவர் சரிபார்க்கட்டும். எல்லாம் சரி என்றபிறகே லாக் செய்யுங்கள்.

படி 5: தற்காலிக ஒதுக்கீடு வந்தபிறகு

உங்கள் பட்டியலைப் பார்த்துக் கம்ப்யூட்டர் முதலில் கொடுக்கும் இடம்தான் தற்காலிக ஒதுக்கீடு. அதை உறுதி செய்ய இரண்டொரு நாள்தான் கொடுப்பார்கள். தூங்கிவிட்டால் இடம் போய்விடும். கிடைத்ததில் திருப்தி என்றால் ஏற்றுச் சேர்கிறேன் என்பதைத் தேர்ந்தெடுத்து, சொன்ன தேதிக்குள் கல்லூரிக்குப் போய்க் கட்டணம் கட்டிச் சேருங்கள்.

மேலே உள்ள வரி கிடைத்தால் நன்றாக இருக்கும் என்றால் ஏற்றுக்கொண்டு மேல்நோக்கிக் காத்திருக்கும் வாய்ப்பு இருக்கிறது. இதை எல்லாரும் 'அப்வேர்ட்' என்றே சொல்கிறார்கள். ஏழாவது வரி கிடைத்து அப்வேர்ட் கொடுத்தால், ஒன்று முதல் ஆறு வரை உயிரோடு இருக்கும், எட்டிலிருந்து கீழே எல்லாம் செத்துவிடும். யாராவது விட்டுப்போய் மூன்றாவது வரி காலியானால் அது உங்களுக்கு வரும், அந்த நிமிடமே ஏழாவது வேறொருவருக்குப் போய்விடும். "ஏழாவதே இருக்கட்டும்" என்று பிறகு சொல்ல முடியாது. நோட்டில் இரண்டிரண்டாக ஒப்பிடச் சொன்னதன் பலன் இங்கேதான் தெரியும். மேலே இருக்கும் ஒவ்வொரு வரியும் நிஜமாகவே அதிகம் பிடித்ததாக இருந்தால் அப்வேர்ட் கொடுக்கப் பயமே வேண்டாம்.

படி 6: சேர்ந்த முதல் மாதம்

தமிழ்வழியில் படித்து ஆங்கில வகுப்பில் உட்காரப் போகிறவர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். நான் சேர்ந்த முதல் வாரம் பேராசிரியர் டிடெர்மினன்ட் என்று சொல்லிக்கொண்டே போர்டை நிரப்பினார். பக்கத்தில் இருந்தவர்கள் மளமளவென்று எழுதினார்கள். எனக்கு உள்ளங்கை வேர்த்தது. ராத்திரி விடுதியில் பதினோராம் வகுப்புப் புத்தகத்தைப் புரட்டியபோதுதான் தெரிந்தது, அது நான் நூறு கணக்கு போட்டிருந்த அணிக்கோவை. அன்றைக்கே நோட்டில் நடுவே ஒரு கோடு போட்டேன். இடப்பக்கம் அணி, வலப்பக்கம் மேட்ரிக்ஸ். வகைக்கெழு, டெரிவேட்டிவ். மின்தேக்கி, கெபாசிட்டர். ஒரு மாதத்தில் பத்துப் பக்கம் நிரம்பியது, வகுப்பு பிடிபட ஆரம்பித்தது. கல்லூரி திறக்கும்வரை காத்திருக்காமல் இந்த நோட்டை இப்போதே தொடங்கலாம். பிளஸ் டூ புத்தகத்தின் தமிழ்ப் பதிப்பையும் ஆங்கிலப் பதிப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் போதும், பாடநூல் கழகத் தளத்தில் இரண்டும் இலவசம்.

வருகைப் பதிவு 75 சதவீதத்துக்குக் குறையக்கூடாது. ஊருக்குத் திருவிழா, கல்யாணம் என்று போவதற்கு முன் கணக்குப் போட்டுப் பாருங்கள். முதல் செமஸ்டர் கணிதத்தில் அரியர் விழுந்தால் வெட்கப்பட்டு அறைக்குள் முடங்காமல் சீனியர்களிடம் பழைய வினாத்தாள்களைக் கேளுங்கள், யாரும் இல்லை என்று சொன்னதில்லை.

அரசுப் பள்ளியில் படித்த பெண் பிள்ளைகள் புதுமைப் பெண் திட்டத்திலும், பையன்கள் தமிழ்ப் புதல்வன் திட்டத்திலும் மாதம் 1000 ரூபாய் பெறலாம். கல்லூரி வழியாகத்தான் விண்ணப்பம். சேர்ந்த வாரமே அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள், ஆதாரோடு இணைந்த வங்கிக் கணக்கு கையில் இருக்கட்டும்.

விடுதி மெஸ் பல இடங்களில் டிவைடிங் முறை. அந்த மாதச் செலவைச் சாப்பிட்டவர்கள் தலைக்கு இவ்வளவு என்று பிரிப்பார்கள், அதனால் மாதத்துக்கு மாதம் தொகை மாறும். இதை வீட்டில் முன்கூட்டியே சொல்லிவையுங்கள். முதல் பில் வந்த அன்றைக்கு அப்பா நூறு இருநூறு வித்தியாசத்தைப் பார்த்துத் திகைக்காமல் இருப்பார்.