செம்பவாங் கடற்படைத் தளத்தில் உழைத்தவரின் காகிதங்களைக் காப்பாற்ற

சிங்கப்பூரில் பிரிட்டிஷார் கட்டிய செம்பவாங் கடற்படைத் தளத்தின் ஆறாம் ஜார்ஜ் உலர்துறை (நீரை வெளியேற்றிக் கப்பலைப் பழுதுபார்க்கும் துறை) 1938இல் திறக்கப்பட்டது. 1968இல் கப்பல் பட்டறை செம்பவாங் ஷிப்யார்ட் நிறுவனத்தின் கைக்கு மாறியது. அங்கே உழைத்த சாதாரணத் தொழிலாளியின் வாழ்க்கைக்கு மிஞ்சியிருக்கும் சாட்சி சம்பளச் சீட்டும், அடையாள அட்டையும், ஊருக்குப் பணம் அனுப்பிய ரசீதும்தான். பதக்கத்தைவிட இவற்றில் செய்தி அதிகம்.

வீட்டில் இவற்றைப் போட்டுவைத்த பிஸ்கட் டின்னைத் திறந்ததும் எதையும் பிரித்து அடுக்காதீர்கள். முதலில் கைப்பேசியில் படமெடுங்கள். எந்தக் கடித உறையில் எந்த ரசீது மடித்திருந்தது என்பதே ஒரு தகவல். கலைத்துவிட்டால் திரும்பக் கிடைக்காது. பிறகு ஒவ்வொன்றின் பின்புற ஓரத்திலும் 2B பென்சிலால் மெல்ல எண்ணிடுங்கள். பால்பாயிண்ட் பேனா அழுந்தி முன்பக்கம் தடம் விழும். வழவழப்பான பின்புறமுள்ள வண்ணப்படங்களில் பென்சில் பதியாது, எண்ணை உறைமேல் எழுதுங்கள்.

துருப்பிடித்த கிளிப்பைப் பிடுங்கினால் காகிதம் கிழியும். அடியில் மெல்லிய பிளாஸ்டிக் தாளைச் செருகி நகர்த்தி எடுங்கள். பழைய செலோடேப்பைத் தொடாதீர்கள், மையும் கூடவே வந்துவிடும். பசை ஆல்பத்தில் ஒட்டிக்கொண்ட படத்தை மெழுகு பூசாத பல் நூலால், மூலையிலிருந்து அறுப்பதுபோல் மெதுவாக விடுவிக்கலாம். வரவில்லையா, பக்கத்தோடு ஸ்கேன் செய்துவிட்டு விட்டுவிடுங்கள்.

லேமினேட் செய்யவே கூடாது. சூட்டில் ஒட்டியதைப் பிரிக்க வழியில்லை. பிவிசி உறையும் வேண்டாம், நாளடைவில் மையை உரித்தெடுக்கும். பாலியெஸ்டர் உறைதான் சரி.

நம் ஊரின் பெரிய பகை ஈரப்பதம். 65 விழுக்காட்டைத் தாண்டினால் பூஞ்சை பிடிக்கும், இங்கே வெளிக்காற்றில் பெரும்பாலும் 80க்கு மேல். கேமரா வைக்கும் உலர்பெட்டியை 45–50இல் வையுங்கள். இல்லாவிட்டால் இறுக்கமாக மூடும் டப்பாவில் சிலிக்கா ஜெல்லும் சிறிய ஈரமானியும் போதும். அளவு 55ஐத் தாண்டினால் ஜெல்லை உலர்த்திப் போடுங்கள். காற்றோட்டமில்லாத வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டுப் பாதுகாப்பறையில் வைக்காதீர்கள். அந்து உருண்டையும் வேண்டாம், அதன் ஆவி படத்தின் மேல் படிகமாகப் படியும்.

பூச்சி அரித்திருந்தால் ஜிப்லாக் பையில் இரட்டையாகக் கட்டி, குளிர்பெட்டியின் உறைபகுதியில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்தபின் ஒரு நாள் முழுக்கப் பையைத் திறக்காதீர்கள். திறந்தால் நீர் கோத்துக் காகிதம் நனையும்.

காகிதங்களை 400 டிபிஐ (அங்குலத்துக்கு இத்தனை புள்ளி என்ற அளவு), சின்னப் படங்களை 1200 டிபிஐ, கறுப்பு வெள்ளையானாலும் வண்ணத்திலேயே ஸ்கேன் செய்யுங்கள். பின்புறத்தையும் விடாதீர்கள், ஸ்டூடியோ முத்திரை அங்கேதான் இருக்கும். அந்தப் படங்களைப் பெரியவர்களிடம் காட்டி, யார், எந்த ஆண்டு, எந்தக் குடியிருப்பு என்று சொல்லச் சொல்லிக் குரலைப் பதிந்து, கோப்பில் அதே எண்ணை இடுங்கள்.